உடனிருப்பவர் கையெழுத்து

என் அத்தானுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அவர் பிறவியிலேயே சந்தோஷமான மனிதர்" என்று பேசினார். எனக்கு வந்ததே கோபம்! அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தாமல் இருந்திருந்தால் போய் மைக்கைப் பிடுங்கியிருப்பேன். பிறவியிலேயே சந்தோஷமாம். முப்பத்தோரு வருஷம் அந்த மனிதருக்குப் பத்தடி தள்ளி மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். அந்தச் சந்தோஷம் எப்போது வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரமாக வந்தது, யார் யாருடைய தலையை உருட்டி வந்தது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கூட்டத்தில் என்னைப் பேச விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அத்தான் செயற்கைக் கால் செய்பவர். பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி நீளமாக ஒரு கட்டடம் உண்டு. அதுதான் கால் பட்டறை. ஜன்னல் கண்ணாடியில் எப்போதும் கால் அச்செடுக்கும் மாவு படிந்து வெளிச்சம் வெள்ளையாகத்தான் உள்ளே வரும். மேல் அலமாரியில் இடது பாதங்கள், கீழ் அலமாரியில் வலது பாதங்கள், சுவரில் முழங்கால் மூட்டுகள், மூலையில் தோல் வார்கள். நடுவில் நோயாளிகள் நடந்து பழக இரண்டு கைப்பிடிக் கம்பிகள், அவற்றின் கோடியில் ஆளுயரக் கண்ணாடி. வாசலோரம் என் மேசை. பதிவேடு, ரப்பர் ஸ்டாம்பு, டெலிபோன், சிவப்புப் பேனா. வேலை காலியாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னவரே அத்தான்தான். சொல்லி ஒரு வாரத்திலேயே ஏன் சொன்னோம் என்று வருந்தியிருப்பார். எனக்கு விதி என்றால் விதிதான். அவர் எனக்கு வைத்த பெயர் சட்டாம்பிள்ளை.

நான் அவருக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலேயே வைத்துவிட்டேன். புகைப்படக்காரர் "கொஞ்சம் சிரிங்க சார்" என்று கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை வற்றிப் போனார். அக்காவோ நேர் எதிர். சின்னக் குழந்தைகள் பள்ளியில் வேலை பார்த்துப் பார்த்து அவள் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். இவர் ஒரு வார்த்தைக்கு ஒரு வாரம் யோசிப்பார். கோபக்காரர் என்று ஊரே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மனிதருக்குக் கோபம் கிடையாது, துக்கம்தான் என்று தெரியப் பதினோரு வருஷம் ஆனது. அதுவும் காரணமே இல்லாத துக்கம். வீடு நன்றாக இருந்தது, வேலை நன்றாக இருந்தது, மனைவி மேல் உயிர். இருந்தும் காலையில் கண் விழித்ததும் "எதுக்கு?" என்று ஒரு கேள்வி நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம்.

இனி நான் சொல்லப்போவது அவருக்கு முப்பத்தெட்டு வயதில் நடந்தது. அந்த வருஷம் முழுக்க, தொடர்ந்து உயிரோடு இருப்பதா வேண்டாமா என்று அவர் தனக்குள்ளேயே வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி உட்கார்ந்து நான் ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்தேன்.

பட்டறையின் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். நாங்கள் யாருக்கும் எடுத்த எடுப்பில் செய்து முடித்த காலைக் கொடுத்துவிட மாட்டோம். முதலில் திருகாணியெல்லாம் முறுக்காத ஒரு கால் போகும். பழகு கால் என்போம். கூடவே ஓர் அட்டை. தேதி, எத்தனை மணி நேரம் போட்டிருந்தார், வலி எங்கே, தொடரலாமா என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் உடனிருப்பவர் கையெழுத்து. ஏனென்றால் நோயாளிகள் பொய் சொல்வார்கள். காலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு "எட்டு மணி நேரம்" என்று கூசாமல் எழுதுவார்கள். வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர் தினமும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாத அட்டையைப் பிரம்மதேவனே கொண்டு வந்து நீட்டினாலும் நான் வாங்க மாட்டேன்.

அந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு தபால்காரர் வந்தார். தொடைக்கு மேலே கால் போய்விட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு முழங்கால் மூட்டும் நாங்களே வைக்க வேண்டும். அந்தக் காலத்து மூட்டு வெறும் கதவுக் கீல்தான். குதிகாலில் முழு எடையையும் போட்டு நின்றால் நேராக நின்று தாங்கும். பயந்துகொண்டு பாதி எடை போட்டால் மடங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். தபால்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமாக நின்ற இடத்திலேயே நின்றார்.

"தாங்குமா சார்?"

"தாங்கும்னு காலை வச்சா தாங்கும். தாங்குமா பாப்போம்னு வச்சா தாங்காது" என்றார் அத்தான். எல்லாரிடமும் சொல்வதுதான்.

தபால்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் அநியாயமா இருக்கு! நம்பினாத்தான் தாங்கும்ங்கறீங்க. தாங்கினாத்தானே நான் நம்ப முடியும்? எது மொதல்ல?"

அத்தான் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "நம்பிக்கைதாங்க மொதல்ல. வேற வழி இல்ல. மொத அடிக்குச் சாட்சி கிடையாது" என்றார்.

தபால்காரர் என்னென்னமோ முணுமுணுத்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்தார். மூட்டு தாங்கியது. அவர் அழுதார், நான் வழக்கம்போல் அட்டையை எடுத்து அவர் பெயரை எழுதினேன். அத்தான் அன்று சாயங்காலம் என் மேசையிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. சட்டாம்பிள்ளையின் லட்சணம் அவ்வளவுதான்.

வாழ்வதில் அர்த்தம் உண்டா இல்லையா என்று பதினோரு வருஷமாக உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். காலை ஊன்றாமலே தாங்குமா தாங்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தோமே என்று அன்றைக்குத்தான் உறைத்ததாம். இதெல்லாம் அவர் பிற்பாடு என்னிடம் சொன்னது. அதனால் ஒரு வருஷம் கெடு வைத்துக்கொண்டார். வாழ்க்கை வாழத் தகுந்தது என்று வைத்துக்கொண்டு நடந்து பார்ப்பது. தாங்கவில்லை என்றால் வருஷக் கடைசியில் முடிவு செய்துகொள்வது. நோயாளிகளுக்கு நாங்கள் சொல்லித் தருவது போலவே முதல் நாள் அரை மணி நேரம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் அரை மணி நேரம் வாழ்ந்தது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, அது என்னவென்றுதான் தெரியவில்லை. திடீரென்று பதினோரு மணி டீக்கு எங்களோடு வந்து உட்கார்ந்தார். தோல் தைக்கிறவரிடம் அவர் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்டார். தோல் தைக்கிறவர் ஊசியைக் கீழே போட்டுவிட்டார். அக்காவோடு காய் வாங்கப் போய், கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினாராம். "ஏண்டி, உங்க அத்தானுக்கு ஜுரம் கிரம் அடிக்குதா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். அரை மணி முடிந்ததும் முகம் பழையபடி தொங்கிவிடும். காலைக் கழற்றி வைத்த மாதிரிதான்.

நான்காவது மாதம் அது நடந்தது. மாதக் கடைசியில் திரும்பி வரும் அட்டைகளை நான் கட்டுக் கட்டாகப் பிரித்து வைப்பேன். ஒரு கட்டில் பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் ஓர் அட்டை. தேதிகளும் எண்களும் மட்டும் பென்சிலில் இருந்தன. அத்தான் தன் மேசையைத் துடைக்கும்போது நோயாளிகளின் அட்டைகளோடு சேர்த்து வாரிக்கொடுத்துவிட்டார். எனக்கு அது எப்படித் தெரியும்? படித்துப் பார்த்தேன். இரண்டு மணி, இரண்டேகால் மணி, ஒரு நாள் சுழி. "வலி எங்கே" என்ற கட்டத்தில் எல்லா நாளும் "மேலே" என்று ஒரே சொல். "தொடரலாமா" என்ற கட்டத்தில் "நாளை வரை", "நாளை வரை", "நாளை வரை". கையெழுத்துக் கட்டம் காலி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது நாளில் ஒரு நாள்கூடக் கையெழுத்து இல்லை! வலி மேலே என்றால் தொடையைச் சுற்றிய விளிம்பு குத்துகிறது என்று அர்த்தம். இதுகூடவா தெரியாது. சிவப்புப் பேனாவை எடுத்து, 'விளிம்பை இழைத்துக் கொடுக்கவும். உடனிருப்பவர் கையெழுத்து இல்லை. ஏற்க முடியாது. ஆளை உடனே வரச்சொல்லவும்' என்று எழுதி, 'உடனே' என்பதற்கு இரண்டு கோடு போட்டு, ஸ்டாம்பும் குத்தி, அத்தானின் மேசையில் இருந்த காகிதத் தட்டில் கொண்டுபோய்ப் போட்டேன்.

சாப்பாட்டு வேளை. எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், அத்தான் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நான் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. பயந்துவிட்டேன்.

"என்ன அத்தான், என்ன ஆச்சு?"

அவர் அட்டையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கண்ணில் தண்ணீர். "சட்டாம்பிள்ளை, இதை ஏத்துக்கவே மாட்டியா?"

"மாட்டேன்."

"ஆளு யாருன்னே தெரியாம?"

"யாரா இருந்தா எனக்கென்ன? வீட்டுல தனியா காலை மாட்டிக்கிட்டு, தனியாவே கழட்டி வச்சுக்கிட்டு, தனியாவே எழுதிக்கிறவன் சொல்றத எப்படி நம்பறது? கூட ஒருத்தர் பாக்கணும் அத்தான். அதுக்குத்தானே கட்டமே போட்டு வச்சிருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. அட்டையை என் முன்னால் வைத்து, "அப்ப நீ போடு" என்றார்.

எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. "நான் எதுக்குப் போடணும்? யாரோட கால் இது?"

"காலெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு நோயாளிகள் உட்காரும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். டீ கேட்கிற மாதிரி அதே குரலில் சொன்னார். நான் கையில் ஸ்டாம்பைப் பிடித்தபடி கேட்டேன். முடிந்ததும் என் வாயிலிருந்து வந்தது ஆறுதல் இல்லை, வசவு. "அறிவிருக்கா உங்களுக்கு? அக்காவுக்குத் தெரியுமா? நாலு மாசமா பக்கத்துல உக்காந்துக்கிட்டு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். கத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். முப்பது கட்டத்திலும் போட்டேன். விதிப்படி அது பொய்க் கையெழுத்து, ஒரு நாளையும் நான் பார்க்கவில்லை. என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே மோசடி அதுதான்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் மனநோய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்தார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டார், அதுவும் உதவியது. இதை மறைத்து அவரைப் பெரிய ஞானியாக்க எனக்கு இஷ்டமில்லை. அந்த டாக்டர் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்ணின ஒருத்தர், தத்துவமும் படிச்சவர், ரொம்ப காலத்துக்கு முன்னாடியே கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருக்கார். வாழத் தகுந்ததுன்னு நம்பி இறங்கினாத்தான் அது அப்படி ஆகும்னு" என்றார். அத்தான் ரொம்ப அக்கறையாக, "அவரும் கால் செய்யறவரா டாக்டர்?" என்று கேட்டார்.

அக்காவிடம் சொல்ல அவருக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. "அவ சிரிச்ச முகமாவே இருக்கா. அவ தலையில இதை எதுக்கு ஏத்தணும்" என்று இழுத்தடித்தார். "நான் உங்களைப் பட்டறையில பாக்கறேன், வீட்டுல யாரு பாக்கறது? அடுத்த அட்டை அக்கா கையெழுத்தோட வரலேன்னா நானே போய்ச் சொல்லிடுவேன்" என்று ஒரே போடாகப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்.

அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு துண்டு, ஒரு போர்வை, ஒரு சட்டை மடித்தாள். பிறகு தலையணை உறையைச் சுருட்டி அவர் முகத்தில் அடித்தாள். "ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஊருல இருக்கற காலெல்லாம் பாக்கறீங்களே, பக்கத்துல ஒருத்தி படுத்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு உடைந்து அழுதாள். அவள் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும் என்றேனே, அன்று அவள் அழுதது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க அந்த அட்டை?" என்றாள்.

அன்று முதல் அட்டை அவள் கைக்குப் போனது. நானாவது கையெழுத்து மட்டும் போட்டேன். அவள் திருத்தினாள். அவர் மூன்று மணி என்று எழுதினால் அடித்துவிட்டு, 'பொய். இரண்டு' என்று எழுதுவாள். அவர் சுழி போட்ட நாளில், 'சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தார். அவருக்கே தெரியாது. கால் மணி சேர்க்கவும்' என்று எழுதுவாள். மாதக் கடைசியில் அந்த அட்டை என் மேசைக்கு வரும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நாலு மணி, ஐந்து மணி என்று ஏறியது. ஒரு மாதம் மடமடவென்று இறங்கி ஒன்றில் நின்றது. அந்த மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு மறுபடி ஏறியது.

ஆனால் கெடு கெடுவாகவே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி நானும் அக்காவும் எத்தனையோ மன்றாடினோம். டாக்டரும் சொல்லிப் பார்த்தார். "பழகு கால்னா திருப்பிக் குடுக்கற உரிமை இருக்கணும். இல்லேன்னா அது பழகு காலே இல்ல" என்று அத்தான் சொல்லிவிட்டார். அந்தத் தேதி எனக்கும் அக்காவுக்கும் மனப்பாடம். அதைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறந்து பேசிக்கொண்டதில்லை.

அந்த நாள் வந்தது. திங்கட்கிழமை. அக்கா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டாள். நான் பட்டறைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் வழக்கமான நேரத்துக்கு வந்தார், வழக்கம்போல மேலங்கியை மாட்டினார். அன்றைக்குப் பார்த்துப் புது வகை முழங்கால் மூட்டு ஒன்று பார்சலில் வந்திருந்தது. பெட்டியைப் பிரித்தவர்தான், நிமிரவில்லை. மடக்கிப் பார்க்கிறார், நீட்டிப் பார்க்கிறார், உள்ளே எண்ணெய் எங்கே போகிறது என்று தோல் தைக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். டீக்குப் போகவில்லை. நான் ஏதாவது சாக்குச் சொல்லிப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் "இங்க பாரேன், இங்க பாரேன்" என்று எதையாவது காட்டினார். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. வேண்டுமென்றே சந்தோஷமாக இருக்கிறாரோ, முடிவு செய்துவிட்டவர்கள் இப்படித்தான் தெளிந்துவிடுவார்களோ என்று என் புத்தி எங்கெங்கோ போயிற்று.

நாலரை மணிக்கு என்னால் முடியவில்லை. போய் அவர் முன்னால் நின்றேன்.

"அத்தான், இன்னிக்கு என்ன தேதி?"

"ஏன், பதிவேடு உன்கிட்டதானே இருக்கு?" என்றார், மூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தேதி என்னன்னு கேட்டேன்!" என்று கத்தினேன். தோல் தைக்கிறவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை பொங்கி வந்துவிட்டது.

அத்தான் சுவர் நாள்காட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நாள்காட்டியைப் பார்த்தார். திருப்புளி அவர் கையில் அப்படியே நின்றது.

"அடக் கடவுளே. இன்னிக்கா?" என்றார். "மறந்தே போயிட்டேன்."

மறந்து போனாராம்! நாங்கள் இரண்டு பேர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறோம், இவர் மறந்து போனாராம். கையில் இருந்த ஸ்டாம்பால் அவர் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். மேலங்கியில் பட்டறையின் பெயர் பதிந்தது. பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதேன். அவர் மாவுக் கையால் என் தலையைத் தடவித் தடவி, "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட எதுக்கு? அக்கா லீவு போட்டுட்டு டெலிபோன் பக்கத்துல உக்காந்திருக்கா" என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நேராக என் மேசைக்குப் போய் எண்ணைச் சுழற்றினார். மணி ஒரு தரம்கூட முழுசாக அடிக்கவில்லை, அக்கா எடுத்துவிட்டாள். அத்தான், பதினோரு வருஷமாகச் சாயங்காலங்களில் ஒரு நாளும் கேட்காததைக் கேட்டார்.

"கிளம்பப் போறேன். வர்ற வழியில ஏதாவது வாங்கிட்டு வரணுமா?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மூன்று வீடு தாண்டிக் கேட்கிற அதே குரலில், என் அக்கா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒண்ணும் வேணாம். நீங்க வாங்க."